பழமை பேணலும் பழுது நீக்கலும்: ஓர் அறவியல் நோக்கு

அறவியல் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் உயிர், உரிமை, நீதி முதலான பெரும் பொருள்களைச் சார்ந்தே நிகழ்வன. ஆயின், மனிதன் தன் தொழிலிடையே கையிற் கருவியுடன் நிற்கும் வேளையில் எதிர்நோக்கும் சிறு வினாக்களுள்ளும் அறவியலின் அடிப்படைச் சிக்கல்கள் அடங்கிக் கிடக்கின்றன. பழைய பொருளொன்றைப் பழுதுபார்ப்பவன் அதன் எவ்வுறுப்பை நீக்கலாம், எவ்வுறுப்பைத் தொடாது விடவேண்டும் என்னும் வினா அத்தகையது. கோயில்கள், ஓவியங்கள், ஓலைச்சுவடிகள் ஆகியன குறித்து இவ்வினா நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அண்மைக்கால இலத்திரனியற் பொருள்களும் இன்று பழம்பொருள்களாகிவிட்டமையால் அவை குறித்தும் இதனை எழுப்பவேண்டியுள்ளது. நாணயம் இட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களின் சுற்றுப்பலகைகளிலே சிப்புகளைத் தாங்கும் சொக்கெற்றுகளை மாற்றுவதா, விடுவதா என்னும் மிகச் சிறிய பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதன் வழியாகப் பழமை பேணலின் அறம் யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யப்பானின் டைற்றோ நிறுவனம் 1978 இல் வெளியிட்ட ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, நாம்கோ நிறுவனம் 1980 இல் வெளியிட்ட ‘பாக்மான்’, 1981 இல் வெளியிட்ட ‘கலகா’ ஆகியவை இவ்வியந்திரங்களுட் புகழ்பெற்றவை. விளையாட்டு மண்டபங்களிலே வருவாய்க்காக நிறுத்தப்பட்ட இவை, தம் பயன் தீர்ந்ததும் பெரும்பாலும் கழிவுப் பொருளாயின. எஞ்சியவற்றை நூதனசாலைகளும் தனிப்பட்ட சேகரிப்பாளரும் பேணி வருகின்றனர். ஒவ்வோர் இயந்திரத்தின் உள்ளேயும் சுற்றுப்பலகை ஒன்றோ பலவோ உள்ளன. அவற்றிலே கணிப்பைச் செய்யும் செயலிகளும், விளையாட்டின் விதிகளையும் உருவங்களையும் தாங்கிய நினைவகச் சிப்புகளும் பொருத்தப்பட்டுள்ளன. கலகாவில் இசட்-80 என்னும் செயலி மூன்று உள. அவற்றோடு, அந்நிறுவனம் தன் இயந்திரங்களுக்கென்றே செய்வித்த சிறப்புச் சிப்புகளும் உள.

சில சிப்புகள் பலகையிலே நேரே பற்றாசு பிடிக்கப்பட்டிருக்கும். வேறு சில, சொக்கெற் எனப்படும் குதையிற் செருகப்பட்டிருக்கும். சொக்கெற் பலகையோடு பற்றாசினாற் பிணைக்கப்பட்டது. சிப்போ அதிலே செருகவும் கழற்றவும் கூடியது. அக்காலத்து நினைவகச் சிப்புகள் விலை மிக்கவை. அவற்றிலுள்ள நிரலைத் திருத்தவேண்டிய தேவையும் அடிக்கடி நேர்ந்தது. எனவே, ‘இவ்வுறுப்பு என்றோ ஒருநாள் மாற்றப்படும்’ என்னும் முன்னுணர்வினாலேயே பலகையை ஆக்கியோர் சொக்கெற்றை அங்கு வைத்தனர். பழுது வரும் என்பதை ஆக்கியோனே ஒப்புக்கொண்டு இட்ட கையொப்பம் அதுவெனலாம். பழுதுநீக்கத்தை எளிதாக்குவதற்கென வைக்கப்பட்ட அவ்வுறுப்பே நாற்பது ஆண்டுகளின் பின் பழுதுக்குப் பெருங்காரணமாகி நிற்பது விந்தையே.

இதற்குரிய காரணங்கள் தெளிவானவை. மலிவான சொக்கெற்றுகள் பலவற்றில், சிப்பின் காலை ஒரு பக்கத்தில் மட்டுமே தொடும் மெல்லிய உலோக நா ஒன்று உண்டு. நெடுநாள் வெப்பத்தினால் அந்நாவின் விற்சத்தி குன்றுகின்றது. இயந்திரத்தை இயக்குந்தோறும் நிறுத்துந்தோறும் பலகை விரிந்து சுருங்குவதால், வெள்ளீயம் பூசிய தொடுகைகள் நுண்ணளவில் உராய்ந்து ஒட்சைட்டுத் துகளை உண்டாக்குகின்றன. வெள்ளி பூசிய கால்களோ காற்றிலுள்ள கந்தகத்தினாற் கறுக்கின்றன. விளைவு யாதெனில், மின்தொடர்பு ஒரு கணம் உண்டு, மறுகணம் இல்லை என்னும் நிலையாகும். காலையிற் செம்மையாக இயங்கிய இயந்திரம் மாலையில் உருவங்களைச் சிதைத்துக் காட்டும். சிப்பை விரலால் அழுத்தினால் மீண்டும் சீராகும். முற்றாக இறந்த உறுப்பைக் கண்டுபிடிப்பது எளிது. இடையிடையே உயிர்க்கும் உறுப்பைக் கண்டுபிடிப்பதே அரிது.

இந்நிலையிற் பழுதுபார்ப்போரிடையே இருவேறு கொள்கைகள் நிலவுகின்றன. ஒருசாரார், பழைய சொக்கெற் எதனையும் நம்பலாகாது என்றும், பலகை கைக்கு வந்ததும் அனைத்தையும் அகற்றிப் புதியன இடுவதே முறை என்றும் கருதுவர். மறுசாரார், பழுதென்று நிறுவப்பட்டதை மட்டுமே மாற்றவேண்டும் என்பர். நலமாயுள்ள உறுப்பை ஐயத்தின் பேரில் அகற்றுவது வன்செயல் என்பது அவர்தம் வாதம். முன்னவர் முற்காப்பையும் பின்னவர் சான்றையும் அடிப்படையாகக் கொள்கின்றனர். மருத்துவத்திலும் சட்டத்திலும் அரசியலிலும் காணப்படும் பழைய முரண்பாடே இங்கும் சிறு வடிவிலே தோன்றுகின்றது என்பது மனங்கொளத்தக்கது.

இரு கட்சியினரும் எண்ணிக்கையைத் துணைக்கழைக்கலாம். இருபத்துநான்கு கால்கள் கொண்ட நினைவகச் சிப்புகள் பத்தும், நாற்பது கால்கள் கொண்ட செயலி ஒன்றும் சொக்கெற்றுகளில் அமைந்த பலகை ஒன்றைக் கற்பனை செய்யலாம். அதில் 280 தொடுகைகள் உள. ஒரு தொடுகை பிழைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றே எனக் கொண்டாலும், 280 தொடுகைகளும் ஒருங்கே பிழையாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 76 அளவேயாகும். அதாவது நான்கு வேளையில் ஏறக்குறைய ஒரு வேளை இயந்திரம் பிழைபடும். எனவே யாவற்றையும் மாற்றுக என்பர் முற்காப்பாளர். ஆனால் இதே கணக்கு மறுபுறமும் திரும்பும். 280 தொடுகைகளை மாற்றுவதாயின் 280 பற்றாசுப் பிணைப்புகளை உருக்கவேண்டும். ஒரு துளையிலே பலகைக்குச் சேதம் விளைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றெனின், எங்கேனும் ஓரிடத்திற் சேதம் நேரும் வாய்ப்பும் அதே நூற்றுக்கு 24 ஆகும். ஒரே எண்ணே இருபக்கத்துக்கும் சாட்சியாகின்றது. ஆகவே எண்ணிக்கை மட்டும் இவ்வழக்கைத் தீர்க்காது.

இவ்விரு தீங்குகளும் அளவில் ஒத்தனவாயினும் தன்மையில் வேறானவை. தொடுகை பிழைப்பின் திரை சிதையும்; சிப்பைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் அன்றைக்காவது சீராகும். ஆனால் பலகையின் செப்புத் தகடு மிகை வெப்பத்தினால் ஒட்டு விட்டுப் பெயர்ந்தால், துளையின் உட்பூச்சு சொக்கெற்றின் காலோடு பிடுங்குண்டு வந்தால், அதனை முன்னிருந்த நிலைக்குக் கொணர்தல் இயலாது. கம்பித் துண்டொன்றை இணைத்து வேலை செய்விக்கலாம். ஆனால் வடு வடுவே. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வழமையான பற்றாசு 183 பாகை செல்சியசில் உருகும். அவ்வெப்பத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் திறமை எல்லார்க்கும் ஒன்றன்று. மீளக்கூடிய தீங்கையும் மீளாத தீங்கையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே இங்குக் கிடைக்கும் முதற்பாடம்.

இவ்விடத்து, மெய்யியல் மாணவர்க்குத் தீசியசின் கப்பல் நினைவுக்கு வருதல் இயல்பு. புளூட்டாக் கூறும் அக்கப்பலின் பழைய பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட, எஞ்சிய கப்பல் அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டனர். தோமஸ் ஹொப்ஸ் 1655 இல் அதற்கு மேலும் ஒரு முடிச்சிட்டார்: அகற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து மற்றொரு கப்பல் கட்டினால் அவ்விரண்டனுள் உண்மைக் கப்பல் யாது? சொக்கெற்றுகளை மாற்றிய பாக்மான் பலகை அதே பலகைதானா என்னும் வினாவும் இவ்வகையதாகவே முதலில் தோன்றும். ஆயின் சற்று நுணுகி நோக்குமிடத்து, பழுதுபார்ப்பவனை வருத்தும் வினா அதுவன்று என்பது புலனாகும். சொக்கெற்றை மாற்றியதனாற் பலகை வேறொன்றாகிவிட்டதென எவரும் மெய்யாக அஞ்சுவதில்லை. அவன் அஞ்சுவது வேறொன்று: தன் கையாற் செய்யவிருப்பது பின்னர் திருத்தமுடியாத இழப்பாகுமோ என்பதே அது. முன்னையது பொருளின் ஒருமை பற்றிய வினா. பின்னையது செய்வோனின் பொறுப்புப் பற்றிய வினா. இரண்டையும் குழப்பியதனாலேயே இவ்விவாதம் பலகாலும் முடிவின்றித் தொடர்கின்றது எனலாம்.

கட்டடங்களைப் புதுக்குதல் பற்றிய விவாதம் இப்பொறுப்பைத் தெளிவாக்க உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோன் ரஸ்கின், பழைய கட்டடத்தைப் புதுக்குவதாகக் கூறுவோர் உண்மையில் அதனை அழிக்கின்றனர் என்று 1849 இல் எழுதிய நூலில் வாதிட்டார். அக்கருத்தின் வழிநின்ற வில்லியம் மொறிஸ் 1877 இற் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். ஒஸ்திரிய அறிஞர் அலோயிஸ் றீகல் 1903 இல், பழம்பொருளுக்குப் பல்வேறு பெறுமதிகள் உண்டென்றும், முதுமையின் அடையாளங்களால் வரும் பெறுமதியும், வரலாற்றுச் சான்றாக நிற்கும் பெறுமதியும், பயன்பாட்டினால் வரும் பெறுமதியும் ஒன்றோடொன்று முரணக்கூடியன என்றும் காட்டினார். 1964 இன் வெனிஸ் சாசனமோ, இழந்த பகுதிகளுக்கு ஈடாக வைப்பவை முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும், அதேவேளை மூலப்பகுதியினின்று பிரித்தறியத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும் என விதித்தது. அழகு கருதிப் பொய்ச்சான்று படைக்கலாகாது என்பதே அதன் உட்கிடை.

கட்டடத்திலிருந்து இயந்திரத்துக்கு வரும்போது பயன்பாட்டுப் பெறுமதி மேலும் கூர்மை பெறுகின்றது. இயங்காத கட்டடம் என ஒன்றில்லை. இயங்காத இயந்திரமோ தன் பொருளிற் பெரும்பகுதியை இழந்தது. இருப்பினும் இயக்கமும் சில வேளைகளில் இழப்பாகும். கடலிலே நெடுங்கோட்டை அறியும் பொருட்டு ஜோன் ஹரிசன் பதினெட்டாம் நூற்றாண்டிற் செய்த மணிக்கூடுகள் கிறீனிச்சில் உள. அவற்றுள் முதல் மூன்றும் இயக்கப்பட, நான்காவதான எச்-4 இயக்கப்படாது வைக்கப்பட்டுள்ளது. எண்ணெய் தேவைப்படும் அதன் நுண்ணுறுப்புகள் இயக்கத்தினால் தேயும் என்பதே காரணம். மாறாக, கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று நூதனசாலையிற் பி.டி.பி.-1 என்னும் கணனி பழுதுநீக்கப்பட்டு, அவ்வகைக் கணனிக்காக 1962 இல் எழுதப்பட்ட ‘ஸ்பேஸ்வோர்’ விளையாட்டை மீண்டும் ஆடிக்காட்டியது. இரு முடிவுகளும் முரண்பட்டனவாகத் தோன்றினும் இரண்டின் பின்னும் ஒரே கேள்வி உண்டு: இதில் மீண்டும் பெறமுடியாதது எது?

சொக்கெற் வழக்கையும் இக்கேள்வியே தீர்க்கின்றது. பழம்பொருளுக்குச் செலுத்தவேண்டிய உண்மைத்தன்மை அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் சரிசமமாக உரியதன்று. மீளப் பெறமுடியாத உறுப்புக்கே அது முதலில் உரியது. ஆர்கேட் பலகையிலே அவ்வகையில் முதன்மையானவை இரண்டு: ஒன்று பலகை, மற்றையது, அவ்வியந்திரத்துக்கென்றே ஆக்கப்பட்ட சிப்புகள். 1976 இல் வெளிவந்து உலகெங்கும் மலிந்திருந்த இசட்-80 செயலியைத் தனிச் சிப்பாக உற்பத்தி செய்வதைக் கூட நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2024 இல் அறிவித்தது. அதுவே அவ்வாறாயின் சிறப்புச் சிப்புகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. சொக்கெற்றோ இன்றும் கடையில் வாங்கக்கூடியது. பழமையில் மூன்றும் ஒத்தவையே. ஆயின் இழப்பிற் பெரிதும் வேறானவை. எனவே, சொக்கெற்றைப் பேணுவது பலகைக்கோ சிப்புக்கோ ஊறு விளைக்குமெனின் அதனைக் கைவிடவேண்டும். அதனை அகற்றுவது அவற்றுக்கு ஊறு விளைக்குமெனின் விட்டுவிடவேண்டும். பழையது என்பது மட்டும் வைத்திருப்பதற்கோ நீக்குவதற்கோ காரணமாகாது.

இவ்வளவுகோல் இரு கட்சியினரின் கொள்கையையும் திருத்துகின்றது. பழுது நிறுவப்படும்வரை தொடவேண்டாம் என்போர் செய்வது யாது? இயந்திரம் பிழைக்குந்தோறும் சிப்பைக் கழற்றிச் செருகுகின்றனர். கறுத்து மெலிந்த கால்கள் அவ்வாறு நாலைந்து முறை வளைந்தபின் முறிகின்றன. மலிவான சொக்கெற்றை மதித்து அரிய சிப்பை இழக்கும் இச்செயல் பேணலன்று. பேணலின் பெயரால் நிகழும் அழிவேயாகும். அன்றியும், இன்ன வகைச் சொக்கெற் இயல்பாகவே தளர்வது என்பது பலகாலப் பட்டறிவால் தெளிந்ததெனின், அவ்வகையைச் சேர்ந்தமையும் ஒரு சான்றே. மறுபுறம், அனைத்தையும் மாற்றுவோர் உறுதியான, நன்கு பற்றும் சொக்கெற்றுகளையும் பிடுங்குகின்றனர். அதனால் ஒரு நன்மையும் இன்றிப் பலகையை ஆபத்துக்குள்ளாக்குகின்றனர். சிப்பின் காலிலிருந்து பலகையின் அடிப்புறப் பற்றாசு வரை மானியால் அளந்து பார்ப்பதும், மெல்ல அழுத்தித் திரையை நோக்குவதும், நினைவகச் சிப்பின் உள்ளடக்கத்தை முதலிற் படித்துப் படியெடுத்து வைப்பதும் அவர்தம் கடமையாகும். ஈப்றொம் என்னும் நினைவகத்திற் செய்தி மின்னேற்றமாகவே சேமிக்கப்பட்டுள்ளது. அது காலத்தாற் கசிவது. ஆகவே, உடலைத் திருத்துமுன் உள்ளடக்கத்தைக் காப்பதே முறை.

மாற்றவேண்டும் என்று முடிவு செய்தபின்னும் இதே அளவுகோல் வழிகாட்டும். சொக்கெற்றை முழுதாகக் கழற்ற முயல்வோர் எல்லாக் கால்களையும் ஒருங்கே இளக்க மிகுந்த வெப்பத்தைச் செலுத்தவேண்டியதாகும். தேர்ந்த தொழிலாளரோ அதன் பிளாத்திக்குச் சட்டத்தை வெட்டி எறிந்து, எஞ்சிய கால்களைத் தனித்தனியே சிறு வெப்பத்தில் எடுப்பர். சொக்கெற் சிதைகின்றது, பலகை பிழைக்கின்றது. சிறியதைப் பலியிட்டுப் பெரியதைக் காக்கும் இம்முறையிலே, கைத்தொழில் நுட்பமும் அறத் தெரிவும் ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு தடை எழலாம். சொக்கெற்றும் வரலாற்றுச் சான்றல்லவா? எவ்வகை உறுப்புகளைக் கொண்டு, எவ்வளவு செலவுச் சுருக்கத்துடன் அவ்வியந்திரங்கள் ஆக்கப்பட்டன என்பதை அது காட்டுகின்றதல்லவா? இத்தடை வலிமையானதே. ஆயின் அதற்குரிய விடை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரே வகைப் பலகைகள் பல எஞ்சியிருக்குமாயின், சிலவற்றைத் தொடாது சான்றாக வைத்து, ஏனையவற்றை இயங்கச் செய்யலாம். வெளிவராது போன முன்மாதிரிப் பலகை ஒன்றே ஒன்று எஞ்சியிருக்குமாயின், அங்குச் சொக்கெற்றும் மீளப் பெறமுடியாததாகிவிடுகின்றது. எச்-4 மணிக்கூட்டைப் போல அதனை ஓயவிடுவதே தகும். விதி மாறவில்லை; விதி நோக்கும் பொருளே மாறியுள்ளது.

பொதுவிதியை அறிந்தால் மட்டும் போதாது என்பதை அரிஸ்டோட்டில் தம் அறவியல் நூலின் ஆறாம் பகுதியில் எளிய உதாரணம் ஒன்றால் விளக்கினார். இலேசான இறைச்சி செரிக்கும் என்பதை அறிந்தும் எவ்விறைச்சி இலேசானது என்பதை அறியாதவன் நலம் விளைக்கமாட்டான். கோழியிறைச்சி நன்று என்பதை மட்டும் அறிந்தவனே விளைப்பான். செயலறிவு தனிநிலைகளைப் பற்றியது என்பது அவர் கருத்து. இந்தப் பலகை, இந்தச் சொக்கெற், இந்தக் கை என்னும் மூன்றையும் அறியாது எடுக்கும் முடிவு, விதிப்படி சரியாயினும் செயலிற் பிழைக்கும். இவற்றுள்ளும் கடினமானது தன் கையைத் தான் அறிதல். தேர்ந்தவனுக்கு நற்செயலாவது தேராதவனுக்குத் தீச்செயலாகலாம். ‘இது செய்யத்தக்கது’ என்பதோடு ‘இது என்னாற் செய்யத்தக்கதா’ என்றும் வினவுதல், திறமை பற்றிய வினா மட்டுமன்று; அறம் பற்றிய வினாவுமாகும்.

இறுதியாக நோக்கவேண்டியது உண்மை கூறல். புதிய சொக்கெற்றின் பிளாத்திக்குச் சட்டம் தனக்குக் கீழுள்ளதை மறைத்துவிடும். பெயர்ந்த செப்புத் தகடும், அதனை மறைத்து இணைத்த கம்பியும் அதன் கீழே இருப்பது பழுதுபார்த்தவனுக்கு மட்டுமே தெரியும். இயந்திரம் இயங்குகின்றது; உரிமையாளர் மகிழ்கின்றார்; கூலியும் கிடைத்துவிட்டது. பல ஆண்டுகளின் பின் அப்பலகையைத் திறக்கும் வேறொருவர், காரணம் தெரியாது பல நாள்களை வீணாக்கலாம். நல்ல சிப்பைப் பழுதென எண்ணி எறிந்தும் விடலாம். எவரும் காணாத இடத்தில் நிகழ்ந்த தன் பிழையை, தன்னை அறியாத ஒருவருக்காக எழுதி வைப்பதா என்பதே இத்தொழிலின் உண்மையான சோதனை. எந்தச் சொக்கெற் எப்பொழுது மாற்றப்பட்டது, எவ்விடத்தில் சேதம் நேர்ந்தது, எவ்வாறு சீர்செய்யப்பட்டது என்பவற்றை ஒரு தாளிற் குறித்து, அகற்றிய பழைய உறுப்புகளோடு இயந்திரப் பெட்டியினுள் வைத்தல் சில நிமிட வேலையே. அதனைச் செய்தவன் மாற்றிய உறுப்பு வெனிஸ் சாசனம் வேண்டும் நேர்மையைப் பெறுகின்றது. செய்யாதவன் மாற்றியது, எத்துணைச் சிறந்த வேலையாயினும், பொய்ச்சான்றாகவே எஞ்சுகின்றது.

பழமையைப் பேணுபவன் இறந்தகாலத்துக்கே கடமைப்பட்டவன் எனக் கருதுவது வழக்கு. சொக்கெற் பற்றிய இச்சிறு வினா அக்கருத்தைத் திருத்தவேண்டும் என்று காட்டுகின்றது. ஆக்கியோர் தம் காலத்து வாணிபத் தேவைக்காக ஆக்கினர். தம் பலகைகள் நாற்பது ஆண்டுகள் நிலைக்குமென அவர் எதிர்பார்த்திருத்தல் அரிது. ஆனால் மாற்றக்கூடிய இடம் ஒன்றை விட்டுச் சென்றனர்; தம்மை அடுத்து வருபவனுக்கு இடமளித்தனர். இன்று அப்பலகையைக் கையிலெடுப்பவனும் தன்னை அடுத்து வருபவனுக்கு அவ்வாறே இடமளித்தல் வேண்டும். மீளப் பெறமுடியாததைக் காத்து, மாற்றவேண்டியதை மாற்றி, செய்ததை மறையாது எழுதி வைத்தால் அவ்விடம் எஞ்சும். பழுதுநீக்கலின் அறம் இதனினும் பெரிதன்று, இதனிற் குறைந்ததுமன்று.